கழற்றிய வால்வு

ஆயில் மாற்றாமல் வண்டி ஓட்டுகிறவர்களை நான் முகத்துக்கு நேராகவே திட்டிவிடுவேன், சார். என் மகளுக்கும் அதே திட்டுதான். வேலை வேலை என்று பறந்தவள், ஒன்றரை வருடமாக ஆயிலைத் தொடவே இல்லை. சிக்னலில் நின்றால் கார் உதறி அணைந்துபோனது. வேறொரு மெக்கானிக் டைமிங் செயினையே மாற்ற வேண்டும் என்று அவள் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தான். அப்புறம்தான் அப்பா ஞாபகம் வந்திருக்கிறது.

ஸ்கேனரை மாட்டினேன். டைமிங் முன்னால் போய் நிற்பதாகக் காட்டியது. அதைக் கண்டதும் செயினைப் பிரிக்கிறவன் அரைவேக்காடு. எஞ்சின் தன் டைமிங்கை, அதாவது காற்றை உள்ளே விடும் நேரத்தை, ஆயில் அழுத்தத்தால் மாற்றிக்கொள்கிறது. அந்த ஆயிலை விடுவதும் நிறுத்துவதும் விரல் நீளத்தில் ஒரு வால்வு. அதைக் கழற்றினால் வடிகட்டி வலையில் கசடு அப்பியிருந்தது, உள்ளே ஆயிலைத் திறந்து மூடும் முள் சிக்கியிருந்தது. இப்படிச் சிக்கினால் வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் குறைந்தால் அணையும். பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும். புது வால்வு, புது ஆயில், சரியாகிவிட்டது.

கழற்றிய பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுப்பது என் வழக்கம். அவளிடமும் நீட்டினேன். "எனக்கு எதுக்குப்பா இந்தக் குப்பை, நீயே வெச்சுக்க" என்று சிரித்தாள். அன்று அரை நாள் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். அவள் அம்மா போன பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு பேசியதில்லை.

அதனால் வைத்துக்கொண்டேன். பிறகு மூன்று தடவை, சர்வீஸுக்கு வந்தபோதெல்லாம், அந்தப் பழைய வால்வையே மாட்டி அனுப்பினேன். "அப்பா, மறுபடியும் மக்கர் பண்ணுதுப்பா" என்று போன் வரும். தப்பாக நினைக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்ப் புது வால்வை மாட்டிச் சரிசெய்து கொடுத்தேன்.

போன வாரம் வந்து, "வெளியூர்ல வேலை கெடச்சிருக்குப்பா. ஆறு மணி நேரந்தான், வந்துட்டுப் போவேன்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சமையலறையில் நான் வழுக்கி விழுந்து கிடந்தால்கூட யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பிலேயே நாலு நாள் தூங்கவில்லை.

கிளம்புகிற காலையில், "ஒருவாட்டி பார்த்துடறேன் கண்ணு" என்று சொல்லிப் பழைய வால்வை மாட்டினேன். கழற்றிய புது வால்வைச் செய்தித்தாளில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தது என் கைப்பழக்கம். அது உங்களிடம் நசுங்காமல் வந்து சேர்ந்ததைக் காட்டினீர்கள். புத்தம் புது வால்வை எவன் கழற்றுவான் என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

பதினோரு மணிக்கு போன் அடித்தது. எடுக்கவில்லை. கொஞ்சம் பயந்தால் போகிற எண்ணம் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் விட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தேன்.

"அப்பா, ரயில்வே கேட்ல வேகத்தைக் குறைச்சதும் தண்டவாளத்து மேலேயே நின்னுடுச்சுப்பா. மணி அடிக்குது, எல்லாரும் கத்துறாங்க. எறங்கிடவா?"

இறங்கினால் யாராவது வண்டியைத் தள்ளிப் பக்கத்து ஷெட்டில் விடுவார்கள். இன்னொருவன் திறந்து பார்ப்பான். பழைய வால்வு அவன் கண்ணில் பட்டுவிடும்.

"எறங்காத கண்ணு. ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்பு. அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

திருப்பினாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள். ஐந்து தடவை எஞ்சின் உறுமி அணைவது கேட்டது. "அப்பா, பயமா இருக்குப்பா" என்றாள். ஆறாவது தடவை கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் போனை உங்கள் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அடித்தால் உடனே என்னிடம் கொடுத்துவிடுங்கள், சார். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். வண்டி நின்றால் கூப்பிட அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.