இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவுல

— நான் சின்னவன் பேசறேன், வயசு இருபத்திமூணு, இருக்கறது சார் வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம்ல. அத்தான், நீங்க கலர் மீன் விக்கற கடையில வேலை பாத்தவரு, நீங்கதான் சொல்லணும். தொட்டித் தண்ணி வந்து...

— என்ன ராஜா, பேரு, வயசு எல்லாம் ஒப்பிக்கற? யாரு, போலீசா?

— மெதுவா பேசுங்க டிரைவரண்ணே. நாம பேசினா போனே எழுதிக்கும். வீட்டு குரூப்புக்கு அனுப்பறேன். அதுல சின்னவன்னு மூணு பேர் இருக்கோம், அதான் வயசையும் சொல்லிடறது.

— அப்ப நான் பேசறதும் அதுல ஏறுதா?

— ஏறுது. எனக்கு அழிக்கத் தெரியாது. கொஞ்சம் சும்மா இருங்க.

— உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் ராஜா. முதல்ல அதை நிறுத்து.

— இருங்கண்ணே, முடிச்சுடறேன். அத்தான், தொட்டி ஒண்ணு, மீன் ரெண்டு வகை. சாரோடது தங்கமீன், கல்யாணத்துக்கு முன்னாடியே வளத்தது. அதுக்கு இருபது டிகிரிங்கறாரு. மேடமோடது தட்டு மாதிரி வட்டமா, பட்டை பட்டையா கலர் அடிச்ச மாதிரி இருக்குமே, அது. அதுக்கு இருபத்தெட்டுங்கறாங்க. நெட்ல பாத்தா ஒருத்தன் இருபத்தாறுங்கறான், ஒருத்தன் ஹீட்டரே வேணாங்கறான், இன்னொருத்தன் முப்பதுங்கறான். யார் சொல்றது சரி?

— சாரும் சரி, மேடமும் சரி. மீன் வாங்கின கடையில நானே கேட்டேன். அது அதோட மீனுக்கு, இது இதோட மீனுக்கு. ஒண்ணா போட்டதுதான் கூத்து.

— அப்ப நான் என்னதான் பண்றது? காலையில ஆபீஸ் கிளம்பறப்ப சார் கண்ணாடியில கைய வச்சுப் பாக்கறாரு. என்னடா, குளிக்க வெந்நீர் போடறியான்னு கேக்கறாரு. குறைக்கறேன். சாயங்காலம் மேடம் வந்து, என்ன, மீனை ஃப்ரிட்ஜுல வச்சிருக்கியாங்கறாங்க. ஏத்தறேன்.

— நீ மீன் பாத்துக்கறியா, லிஃப்ட் ஓட்டறியா?

— சிரிக்காதீங்கண்ணே. இப்ப இருபத்திநாலுல வச்சுட்டேன். நடுவுல.

— வச்சு?

— தங்கமீன் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. வட்ட மீன் கறுத்துப் போய், மூலையில சாஞ்சாப்புல நிக்குது. தீனி தொடல. காலையில பாத்தா ரெண்டு செத்து மிதக்குது.

— யாரோட மீனு?

— சார் பக்கம் ஒண்ணு, மேடம் பக்கம் ஒண்ணு.

— சாவுலயும் நீ யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல. இன்னொரு தொட்டி கேக்க வேண்டியதுதான?

— கேட்டேனே. ஒரே வீட்ல எதுக்குடா ரெண்டு தொட்டின்னு சார் கத்தினாரு. மேடமும் அதே வார்த்தை, அதே கத்தல்.

— மாடியில ஒருத்தர், கீழ ஒருத்தரா இருக்காங்க. அது வெளிய யாருக்குத் தெரியும்? ஹால்ல ரெண்டு தொட்டி நின்னா வர்றவன் போறவனுக்கெல்லாம் தெரிஞ்சுடும்ல.

— அது அவங்க பாடு. மீன் போச்சுன்னா நீயும் போயிடுவன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. இந்த வீட்டை விட்டா இந்த நாட்ல இருக்க எனக்கு விசா பேப்பர் கிடையாது. அத்தான், இருபத்தஞ்சு வச்சா மிச்சம் இருக்கறதாவது பிழைக்குமா? இல்ல, கொஞ்சம் உப்பு போட்டுப் பாக்கவா?

— விடு ராஜா. எதுல வேணா வை.

— ஏண்ணே இப்படிப் பேசறீங்க?

— இன்னிக்கு ரெண்டு பேரையும் வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. போறப்ப மேடம் முன்னாடி, சார் பின்னாடி. வர்றப்ப ரெண்டு பேரும் பின் சீட்ல.

— பேசிக்கிட்டாங்களா?

— சிரிச்சாங்க. மேடம் அவர் தோள்ல சாஞ்சுக்கிட்டாங்க.

— சேந்துட்டாங்களா? இதைப் போய் இவ்வளவு நேரம் வாய்க்குள்ளயே வச்சிருந்தீங்களேண்ணே. அப்ப இன்னொரு தொட்டி வாங்கிடலாம். இனிமே யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

— எதுல சேந்தாங்கன்னு கேளு.

— எதுல?

— உங்க மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல, எல்லாம் அந்தப் பையன்தான்னாங்க மேடம். சாருக்கும் அதேதான் தோணிச்சாம். தண்ணிய ஏத்தி இறக்கி விளையாடியிருக்கான்னாரு. இத்தனை மாசத்துல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இது ஒண்ணைத்தான்.

— அவங்க சொன்னதைத்தானே செஞ்சேன். ரெண்டு பேர் சொன்னதையும்.

— செஞ்ச.

— நீங்க சொல்லலையாண்ணே?

— நான் ரோட்டைப் பாத்து ஓட்டினேன். எனக்கும் இந்த வீட்டுப் பேப்பர்தான் ராஜா.

— இப்ப என்ன ஆகும்?

— ஞாயித்துக்கிழமை உன்னை ஏர்போர்ட்ல விடச் சொல்லியிருக்காங்க. நான்தான் விடணும். போனை நிறுத்து, அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கு.

— எழுதட்டும். அத்தானோ, அக்காவோ, இதை யார் படிச்சாலும் சரி, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறப்ப முழுசா படிக்காதீங்க. சின்னவன் லீவுல வர்றான்னு மட்டும் சொல்லுங்க.