இடது பக்கமே அஞ்சு ஸ்பீக்கர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் புதிதாக ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியிருந்தார்.

“அஞ்சு ஸ்பீக்கரையும் இடது பக்கமே வச்சிட்டேங்க.”

“ஏன் பாய், ரூமைச் சுத்தித்தானே வைப்பாங்க?”

“எங்க வீட்டுல அவளுக்கு இடது காது மட்டும்தான் கேக்கும்.”

“விலை கம்மின்னு சொன்னீங்களே, சத்தம் தெளிவா இருக்கா?”

“பாட்டு சுமார்தான். பேச்சை மட்டும் தனியாக் கூட்டி வைக்கலாம். எங்களுக்கு அது போதும்.”

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது.

“அவங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“இத்தனை வருஷமா காமெடி வந்தா, நான் சிரிக்கிறதப் பாத்துட்டுத்தான் அவ சிரிப்பா. நேத்து எனக்கு முன்னாடியே சிரிச்சிட்டா. என்ன ஜோக்குன்னு நான்தான் அவகிட்ட கேட்டேன்.”