கூர் நிற்கும் கத்தி

கத்திக்குக் கூர் வைப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. சாணைக் கல்லும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தகரத்துக்குக்கூடக் கூர் வைக்கலாம். வைத்த கூர் நிற்க வேண்டும், அதுதான் விஷயம். என் கத்தியில் அது நிற்காது. ஆரணியில் இதை அறியாதவர் இல்லை. பின்னாளில் நானே தெருத்தெருவாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

நெசவுக்காரர்களுக்குக் கத்தி செய்து விற்றவர்கள் எங்கள் பக்கம் இரண்டு பேர். பூங்காவனமாகிய நான் ரம்பத் தகட்டில் செய்வேன். தேவநேசன் லாரிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டையில் செய்வான். ரம்பத் தகடு இரும்பையே அறுக்கிறது, ஆகவே அதுதான் உசத்தி என்பது என் கட்சி. சனங்கள் அவனிடம்தான் போனார்கள். எதிர்வீட்டில் இரண்டு தறி போட்டிருந்த காசியம்மாள் மட்டும் முகதாட்சண்யத்துக்காக என்னிடம் ஒன்று வாங்கினாள். மறுவாரம் தெருக்குழாயில் பத்துப் பேர் நடுவில் சொன்னாள்:

“அண்ணே, ஒங் கத்தில ஒரு சவுரியம். கொழந்த கைல குட்த்துட்டு நிம்மதியா தறில ஒக்காந்துகினு இருக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், அவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே. அதை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு இளகிய மனசு. கோழி அறுப்பதைப் பார்த்தால் அன்று சோறு இறங்காது.

எனக்கு வேண்டியது ஒரு நியாயமான சோதனை. போளூர் சந்தையில் தேவநேசன் கத்தி ஒன்று வாங்கினேன்; ஆரணியில் வாங்கினால் பேச்சாகிவிடும். இரண்டு கத்தியையும் ஒரே கல்லில் தீட்டி, தேங்காய்நார்க் கயிற்றை ஒவ்வொன்றாலும் நூறு தடவை அறுத்தேன். எது எவ்வளவு மழுங்கியது என்று இனித் தெரிய வேண்டும். தக்காளியில் பார்த்தேன். ஒன்று கனிந்திருக்கிறது, ஒன்று செங்காயாக இருக்கிறது. காகிதத்தில் பார்த்தேன், கை கொஞ்சம் நடுங்கினால் அதுவும் பொய் சொல்கிறது. ஒரே பருமனில், ஒரே விறைப்பில் ஒரு பொருள் வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி இருப்பது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவுதான். நாலாயிரத்துச் சொச்சம் இழை, ஒன்றுக்கொன்று மாற்றமில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடி அமாவாசை. அமாவாசையில் தறி ஓடாது. தெருவே தேவிகாபுரம் கோயிலுக்குப் பஸ் ஏறியது. நானும் ஏறி, வெற்றிலைப் பையை மறந்துவிட்டேன் என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். காசியம்மாள் வீட்டுப் பின்கதவுக்குக் கொக்கி மட்டும்தான்.

முதல் தறியில் என் கத்தி. பாதி அகலம் வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் இழைகள் அறுபடாமல் பிய்ந்து பஞ்சாயின. இரண்டாவது தறியில் தேவநேசன் கத்தி. மறு ஓரம் வந்த பிறகுதான் அறுத்ததே தெரிந்தது. முதல் தறியின் பிசிர் கண்ணை உறுத்தியது; அந்தக் கோலத்தில் விட்டுப்போக மனம் வரவில்லை. இரண்டு விரற்கடை தள்ளி, அதையும் தேவநேசன் கத்தியாலேயே சீராக அறுத்து, பிசிரை மடியில் கட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு எதிலும் சுத்தம் வேண்டும்.

சாயங்காலம் காசியம்மாள் அழவில்லை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, தொங்கிய இழைகளை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி கொடுத்த பட்டு, முகூர்த்தப் புடவைகள். நான்தான் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏட்டு வந்தார். அறுந்த விளிம்பில் ஒரு பிசிர் இல்லை. தேவநேசன் வேதக்காரன், கிறிஸ்தவன்; கோயிலுக்குப் போகாமல் தெருவில் இருந்தவன் அவன் ஒருவனே. காசியம்மாள் வீட்டுக் குளியல் தண்ணீர் தன் பட்டறைக்குள் வருகிறது என்று அவளோடு சண்டை போட்டவன் வேறு. ஏட்டு என் பக்கம் திரும்பினார்.

“கத்திக்காரன் நீ சொல்லுய்யா. இது யார் கத்தி?”

“தேவநேசன் கத்திங்க. என் கத்தியால இந்த மாதிரி அறுக்க முடியாதுங்க. பாதியிலயே பிசிறடிக்கும்.”

தேவநேசனின் முகம் மலர்ந்தது. “இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான்பா ஒத்துகினே,” என்றான். சுற்றி நின்றவர்கள் நெருங்குவதை அப்புறம்தான் கவனித்தான். அவனுடைய சுத்தியலாலேயே அவன் வலது கையை உடைத்தார்கள். ஏட்டு அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு, மனைவி ரோசம்மாளின் ஊரான தேசூருக்குப் போய்விட்டான். ஒற்றைக் கையால் இரும்பு அடிக்க முடியாது. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். நானே தோலை உரித்துக் கொடுப்பேன். காசியம்மாள் இப்போது கூலிக்கு நூல் சுற்றுகிறாள். ஊரில் என் கத்திதான் கிடைக்கிறது. போன மாதம் அவளும் ஒன்று வாங்கினாள். கூரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் காசை வைத்துவிட்டுப் போனாள்.

செய்தது நான்தான், ஐயா. இரண்டு தறியின் பாவையும் நான்தான் அறுத்தேன். ஆனால் ஏட்டிடம் நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தொழிலில் போட்டிக்காரனை அத்தனை பேர் முன்னால் பாராட்ட எல்லாருக்கும் மனசு வராது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.