மகன் என்று எழுதப்பட்டவள் வாக்காளரான கதை

தலைமை நாற்காலியில் அமர்ந்து இந்த மாலையைச் சிறப்பிக்கும் நகரத் தலைவி மதாம் அன்னாயிக் கெர்த்ரயோன் அவர்களே, மேடையில் அவருக்கு இடப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் துணைத் தலைவர் முசியே போசெக் அவர்களே, அலையோடு போராடி அலுத்த கைகளோடு வந்திருக்கும் படகுத்துறைப் பெரியவர்களே, மத்தி மீன் ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு இங்கேயும் நிற்க இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, என் கையால் சாப்பிட்டு இன்று என்னைவிட ஓரடி உயரமாய் வளர்ந்து நிற்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் சுல்மிரா தவாரெஸ் என்னும் இந்தச் சமையல்காரியின் வணக்கம்.

பின்வரிசையில் என்ன சத்தம்? கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே பிடிக்கிறேன். இப்போது? நல்லது. பத்தொன்பது வருடம் இருநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவள் நான். எனக்கு மைக்கே அதிகம்.

என்னைப் பிரெஞ்சுக் குடிமகள் என்று அரசிதழில் அச்சடித்துவிட்டார்கள். அதற்குத்தான் இந்த விழா, அதற்குத்தான் இந்தப் பூங்கொத்து, அதற்குத்தான் அங்கே மேசையில் காத்திருக்கும் ஆப்பிள் மது. அதற்கு முன்னால் நான் பேசி முடிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த கெர்வியான் துறைமுகத்துக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கேப் வெர்டே தீவுகளில் எரிமலையின் காலடியில் பிறந்தவள், இங்கே மழையின் மடியில் விழுந்தேன். என் கணவர் அடெலினோ மீன்பிடிப் படகுக்குப் போனார். நான் முதலில் ஆலைக்கும் பிறகு பள்ளிச் சமையற்கூடத்துக்கும் போனேன். குடியுரிமை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதா? இல்லை. தேவைப்பட்டதா? இல்லை. வசிப்பு அட்டை இருந்தது, வேலை இருந்தது, வாசலில் வணக்கம் சொல்ல ஆள் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மண்டபத்தில், ஒரு கூட்டம். பள்ளியில் அடுப்பை அணைத்துவிட்டு, எழுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆலையில் சமைத்த சாப்பாட்டை லாரியில் கொண்டுவந்து சூடுபண்ணிக் கொடுக்கலாமா என்று பேச்சு. நான் கையைத் தூக்கினேன். முசியே போசெக் என்னைப் பார்த்தார். கோபமாய் இல்லை, பிரியமாய்த்தான் சொன்னார்.

"சுல்மிரா, நீங்க உட்காருங்க. இது ஓட்டு போடுறவங்க முடிவு பண்ற விஷயம்."

உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. அதுதான் வலித்தது. என் அடுப்பைப் பற்றிய பேச்சு, என் பிள்ளைகளின் தட்டைப் பற்றிய பேச்சு. அதில் என் பேச்சுக்கு மட்டும் இடமில்லை. வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடெலினோவிடம் சொன்னேன்.

"நான் விண்ணப்பம் போடப் போறேன்."

"எதுக்கு?"

"உட்காருன்னு சொன்னா ஏன்னு கேக்குறதுக்கு."

விண்ணப்பம் என்றால் என்ன? காகிதம். காகிதத்துக்குக் காகிதம், அந்தக் காகிதத்துக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. வரி கட்டிய சான்று, வாடகைச் சான்று, குற்றம் எதுவும் செய்யவில்லை என்ற சான்று, பிரெஞ்சு பேசவும் எழுதவும் தெரியும் என்று தேர்வு எழுதி வாங்கிய சான்று. எல்லாம் சேர்ந்தது. கடைசியில் வந்தது என் பிறப்புச் சான்று. பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் அம்மா, மிக நேர்மையானவர், தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மதாம் தவாரெஸ், ஒரு சின்ன விஷயம். இதுல நீங்க மகன்னு போட்டிருக்கு."

எங்கள் ஊர் மொழியில் மகனுக்கும் மகளுக்கும் கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் பிறந்த அன்றைக்கு எழுத்தர் எந்த அவசரத்தில் இருந்தாரோ, ஒரே எழுத்தில் என்னை ஆணாக்கிவிட்டார். ஐம்பத்தோரு வருடம் ஒருவரும் பார்க்கவில்லை.

"நீங்க மகள்னு மாத்திப் போட்டுடுங்களேன்" என்றேன்.

"உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், மதாம். அங்க மாத்திட்டு வாங்க, இங்க நான் மாத்துறேன்."

அடெலினோ அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்துறேன்?" என்று கேட்டார். சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அந்த ஓர் எழுத்துக்காக என் அண்ணன் நெலிட்டோ தீவில் பதிவகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஏழு மாதம் நடந்தார். நீதிபதி சாட்சி கேட்டாராம். "சாட்சி என்னங்கய்யா, அவ என் தங்கச்சி. சின்ன வயசுல என்னை அடிச்சதுக்குத் தழும்பு இருக்கு, காட்டட்டுமா?" என்றாராம் அண்ணன். எட்டாம் மாதம் நான் மகளானேன்.

இதற்கிடையில் ஒரு நாள் மத்தியானம், சமையற்கூடத்துப் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தால் முசியே போசெக். குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை பாருங்கள். பயப்படாதீர்கள் முசியே, நல்லதைத்தான் சொல்லப் போகிறேன்.

"அன்னைக்கு நான் பேசினது சரியில்ல" என்றார்.

"சட்டப்படி சரிதானே."

"சட்டப்படி சரி. அதான் எனக்குத் தூக்கம் வரல. நேர்காணல் இருக்குமாமே, நான் வேணா கேள்வி கேட்டுப் பழக்கட்டுமா?"

புதன்கிழமைகளில் பள்ளி இல்லை. உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே நான் பதில் சொல்வேன், அவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். மூன்றாவது வாரம் நான் திருப்பிக் கேட்டேன். "மக்களவையில எத்தனை உறுப்பினர்?" அவர் கூரையைப் பார்த்தார். "நானூறு இருக்குமா?" ஐந்நூற்று எழுபத்தேழு, முசியே. அடுத்த வாரத்திலிருந்து அவரும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். தோல் சீவுவதில் தேறினார். வரலாற்றில் இன்னும் கொஞ்சம் பாக்கி.

அந்த இலையுதிர் காலத்தில், சமையற்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று ஊரையே வாக்களிக்கச் சொன்னார்கள். வாக்குச்சாவடி எது? என் பள்ளி. வாக்குச்சீட்டைக் கொட்டி எண்ணியது எதன் மேல்? நான் துடைத்து வைத்த மேசை மேல். எதிர்வீட்டுக் கொத்தனார் அபீலியோ போர்த்துகல்காரர், இங்கே வந்து நான்கு வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தவர் என்பதால் ஊர் வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு உண்டு. உள்ளே போகும்போது என்னிடம் எங்கள் இருவருக்கும் பொதுவான போர்த்துகீசிய மொழியில் கேட்டார். "நீங்க வரலையா அக்கா?" அவருக்கு நான் என்ன சொல்வேன்? வாசலில் நின்றேன். மழை பெய்தது. உள்ளே என் வாழ்க்கையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் அடுப்பு பிழைத்தது. ஆம், கை தட்டுங்கள், அது உங்கள் கைகள் செய்த காரியம்.

அன்று அடெலினோ நிம்மதியாய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். "அதான் அடுப்பு தப்பிச்சிடுச்சே. இனிமே எதுக்கு அந்தக் காகிதமெல்லாம்? விட்டுடு."

விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சூப்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே பள்ளி முற்றத்தைப் பார்த்தேன். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் நாற்பத்து மூன்று பேர் மனம் மாறியிருந்தால் நான் இப்போது எதைக் கிண்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பினேன்.

பதினோரு மாதம் கழித்து நேர்காணல். மாவட்டத் தலைமை அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளம் அதிகாரி. ஆறுகளைக் கேட்டார், சொன்னேன். புரட்சியைக் கேட்டார், சொன்னேன். பெயரைப் பிரெஞ்சுப் பெயராக மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். "எங்க ஊர்ல எல்லாருக்கும் இந்தப் பக்கத்துப் பழைய பிரெத்தோன் மொழிப் பேருதான் மதாம். மாத்தினா அப்படி ஒண்ணு வெச்சுக்கலாமா?" என்றேன். "அது பிரெஞ்சுப் பேரான்னு மேலிடத்துல கேக்கணும்" என்றார். "அப்ப சுல்மிராவே இருக்கட்டும்."

அடுத்து, அரசு மதம் பார்க்காது என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டார். புத்தகத்துப் பதில் எனக்கு மனப்பாடம். வாயில் வந்தது வேறு.

"எங்க சமையற்கூடத்துல பன்றிக்கறி செய்யற அன்னைக்கு மீனும் செய்வேன், மதாம். தட்டை நீட்டுற பிள்ளைகிட்ட நீ யாரு, எந்தச் சாமின்னு நான் கேட்டதே இல்ல. கொஞ்சமா பசிக்குதா, நிறைய பசிக்குதா, அவ்வளவுதான் கேப்பேன்."

அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். கடைசிக் கேள்வி: ஏன் பிரெஞ்சுக் குடிமகளாக விரும்புகிறீர்கள்?

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு முசியே போசெக் எனக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அழகான பக்கம். சுதந்திரம் இருந்தது, சமத்துவம் இருந்தது, சகோதரத்துவம் இருந்தது. எல்லாம் இருந்தது, நான் மட்டும் அதில் இல்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன்.

"போன வருஷம் எங்க ஊர்ல நாற்பத்து மூணு பேர் என்னைக் காப்பாத்தினாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் முடியாது, ரகசிய ஓட்டு. அடுத்த தடவை வேற யாருக்காவது அந்த நிலைமை வரும், மதாம். அன்னைக்கு நான் மழையில நிக்கக் கூடாது. உள்ள இருக்கணும்."

அதிகாரியின் விரல்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றினார். "இதை அப்படியே எழுதிக்கட்டுமா?" என்றார்.

"எழுதுங்க. எழுத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துடுங்க" என்றேன்.

தாய்மார்களே, தந்தையரே, நாம் இந்த ஊரில் உழைப்பவர்கள், இந்த ஊரை உண்ணவைப்பவர்கள், இந்த ஊரின் துறைமுகச் சுவரை இரண்டு முறை புயலுக்குப் பின் எடுத்துக் கட்டியவர்கள். மீன் ஆலையில் நிற்கும் என் தோழிகளில் எத்தனை பேர் என்னைப் போல வாசலில் நிற்கிறார்கள்? எத்தனை பேர் இருபது வருடம் இருந்தும், தேர்தல் நாளில் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள்? வெட்கத்தால் கேட்காதவர் எத்தனை பேர், பயத்தால் கேட்காதவர் எத்தனை பேர், காகிதத்துக்குக் களைத்துப்போய்க் கேட்காதவர் எத்தனை பேர்? கேளுங்கள். யாரும் தந்தருளும் பரிசு அல்ல குடியுரிமை. நீங்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்க்கைக்கு ஊர் போடும் கையெழுத்து அது. புதன்கிழமை மத்தியானம் பள்ளிப் பின்கதவு திறந்திருக்கும். பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுத்தெழுத்தாய்ப் படிப்போம். முசியே போசெக் கத்தியோடு காத்திருப்பார்.

முடிக்கிறேன். கடந்த வாரம் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நகர மன்றத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்ப்பவள் மாயெல். அதோ மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாள், அவள்தான். ஆறு வயதில் கேரட்டை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தவள். என் காகிதத்தைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மதாம் சுல்மிரா, ஏதோ தப்பு நடந்திருக்கு. உங்க பேரு பழைய பட்டியல்ல எங்கயும் காணலையே."

"நான் புதுசு, மாயெல்."

"நீங்களா?" என்றாள்.

வந்த உங்களுக்கும், வாழவைத்த ஊருக்கும், முகம் தெரியாத அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் என் நன்றி. நகரத் தலைவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். சில்லென்றிருந்த ஆப்பிள் மதுவும் சூடேறுகிறது. வணக்கம்.