ஒன்பது நாள் நட்சத்திரம்

— இன்னும் எவ்வளவு நேரம் இந்தப் போர்வையைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கணும்? கை கழண்டு விழுது.

— பொறு, பொறு. எதிர்வீட்டு லைட் அடிச்சா படத்துல நட்சத்திரம் விழாது. பதினைஞ்சு செகண்டுதான்.

— ஒன்பது நாளா இதே பதினைஞ்சு செகண்டு. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் போன்லயே நிலாவைப் பிடிக்கிறான். என் தலையெழுத்து, பரண்ல கிடந்த டப்பாவோட மொட்டை மாடி ஏறுற ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கேன்.

— டப்பாங்காதே. நம்ம பொண்ணு பத்தாவது படிக்கிறப்ப வாங்கின டிஜிட்டல் கேமரா. அப்பவே மூணு மெகாபிக்சல்.

— மூணு படம் எடுத்தா நாலு பேட்டரி காலி. ஹால் கடிகாரத்துலேர்ந்தும் உருவிட்டீங்க. ரெண்டு நாளா வீட்டுல மணி நாலரை.

— ம், விழுந்தாச்சு. நீயே பாரு. நடுவுல, கொஞ்சம் இடது பக்கம், சிவப்பா ஒரு புள்ளி. எந்த வான வரைபடத்துலயும் இல்லாத நட்சத்திரம்.

— கண்ணாடியைக் கொடுங்க... என்னங்க இது, மத்த நட்சத்திரம் ஒண்ணையும் காணோம்?

— மேகமா இருக்கும்.

— மேகமும் இல்ல, மண்ணும் இல்ல. லென்ஸைப் பாருங்க. மூடியே கழட்டல நீங்க.

— அட, ஆமா.

— மூடி போட்டிருக்கிறப்பவும் உங்க நட்சத்திரம் மின்னுதா? அது வானத்துல இல்லீங்க, இந்த டப்பாவுக்குள்ள இருக்கு.

— சரி விடு. போர்வையை மடி.

— எப்படி விடுறது? ‘அப்பா புது நட்சத்திரம் கண்டுபிடிச்சுட்டேன்’னு சாயங்காலம் நம்ம பொண்ணுக்கு எட்டு படம் அனுப்பி வெச்சீங்களே. அவ வேலையே நட்சத்திரம் பார்க்கிறது. ‘ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்க்கிறது ஒரு பொழப்பா’ன்னு அவ கிளம்புறப்ப வாசல்ல வெச்சுக் கேட்டு அனுப்பினீங்க. ரெண்டு வருஷமா அவ குரலே கேக்கல நான். இன்னிக்குத்தான் ‘பார்க்கிறேன்’னு ஒரு வார்த்தை எழுதினா. அதுலயும் மண்ணைப் போட்டாச்சு.

— கேமரா கோளாறுன்னு முதல் நாளே தெரியும்.

— என்னது?

— பத்தாவது படிக்கிறப்ப அவ பிறந்தநாளுக்கு லைட்டை அணைச்சுட்டு எடுத்தோமே, அந்தப் படத்துலயே அவ மூக்கு மேல இதே புள்ளி. ‘இது கேமராவோட கோளாறுப்பா’ன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டா.

— தெரிஞ்சேதான் என்னை ஒன்பது நாள் போர்வை பிடிக்க வெச்சீங்களா?

— ஒரே ஒரு படம் அனுப்பினா வேணும்னே பண்றேன்னு கண்டுபிடிச்சுடுவா. தினம் ஒண்ணா எட்டு படம் போனாத்தான் அப்பா நிஜமாவே நம்பறார்னு நினைப்பா. ‘எப்படிம்மா இருக்கே’ன்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன். மன்னிச்சுக்கோன்னுகூட எழுதினேன், பதிலே இல்ல. ஆனா ஒருத்தர் தப்பா சொன்னா, அதைத் திருத்தாம அவளுக்குத் தூக்கம் வராது. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.

— நல்ல ஆளு நீங்க. இதை என்கிட்ட சொல்லியிருந்தா நான்... இருங்க, உங்க போன் அடிக்குது.

— யாரு?

— அவதான்.

— நீ பேசேன். இல்ல, நான் எடுத்து, கேமரா கோளாறுதாம்மான்னு ஒத்துக்கவா?

— ஒத்துக்கிட்டா ரெண்டு நிமிஷத்துல வெச்சுடுவா. விடியற வரைக்கும் நட்சத்திரம்தான்னு சாதிங்க.