பூனைக் காதில் ஓர் உண்ணி

ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் வரும் பஸ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வழியில் நின்றது. முன் இருக்கையில் ஒருவர் பீடியை இழுத்துக் கனிய வைத்து, "காதைப் புடிச்சுக்கங்க, சூடு வெச்சறேன்" என்றார்.

அவருக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு கூடை, அதற்குள் பூனை. அதன் காதோரம் மொச்சைக்கொட்டை போல ஓர் உண்ணி.

"வேண்டாமுங்க. நேத்து ஒண்ணை நகத்துல கிள்ளுனேன். தலை உள்ளயே நின்னு வீங்கிப்போச்சு. பூனையை ஏரிக்கரையில உட்டுர்றேன்னு எங்க ஊட்டுக்காரரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. புள்ள அழுதுட்டுச் சோறே திங்கல. அதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன்."

எதிரே இருந்த ஆட்டுக்கார அம்மாள் சொன்னாள்: "சூடு வெச்சா உண்ணி உழுகாதுங்க, பூனைதான் உங்க மூஞ்சி மேல உழுகும். அரணாக்கயித்துல முள்ளெடுக்கற முள்வாங்கியைத் தொங்க உட்டுக்கிட்டு பீடியைத் தேடறீங்களே."

அவர் பீடியை அணைத்துவிட்டு, முள்வாங்கியை அவிழ்த்து அம்மாளிடம் கொடுத்தார்.

"நீங்களே பூனையை மடியில வெச்சுக்கங்க சாமி," என்று அவரிடம் சொன்ன அம்மாள், பெண்ணுக்குக் காட்டிக்கொண்டே இழுத்தாள். "தோலை ஒட்டிப் புடிக்கோணும். வயித்தை நசுக்கப்படாது. திருகாம, மெதுவா, நேரா இழுக்கோணும்."

உண்ணி தலையோடு வந்தது. அம்மாள் அதைத் ஆட்டு உண்ணிகளைப் போடத் தான் வைத்திருந்த சீமெண்ணெய்ப் பாட்டிலுக்குள் போட்டாள்.

"வீக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பாருங்க."

"பாக்கறேனுங்க. இனி எங்க ஊட்டுக்காரரு ஏரிக்கரைன்னு வாயத் தொறக்கட்டும்."

பஸ் கிளம்பிச் சிறிது தூரம் போனதும் கண்டக்டர் பீடிக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, உங்க ஊரு தாண்டிருச்சே, எறங்கலீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. மடியில பூனை தூங்குது."