கனமா இருக்கா, மாமா?

பேய்னா ராத்திரிதான் வரணுமா என்ன? இது நடந்தது பட்டப்பகல்ல... மத்தியானம் ரெண்டு மணி. வெயிலுக்குப் பயந்து நாய்கூட வெளிய வராத தெரு. தெருக்கோடியில பூட்டிக் கிடந்த ஒரு மாடி வீடு. கிட்ட வந்து உக்காருங்க, கத்திச் சொல்ல மாட்டேன்.

என் ஃப்ரெண்டோட சித்தப்பா பிளம்பர். அன்னைக்கு அந்த வீட்டுக்குப் பைப் மாத்தத் தனியாத்தான் போனாரு. முன்னெல்லாம் கூடவே அவரு மச்சான் வருவான்... பொண்டாட்டியோட தம்பி. அவன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு.

எப்படிச் செத்தான்னா... மாடியில இருந்து இறங்குற கழிவுப் பைப் எல்லாம் பழைய காஸ்ட் அயர்ன் இரும்பு. யானைக் கனம். நடுவுல அறுத்தா மேல் துண்டு அந்தரத்துல நிக்கும். அதனால முதல்ல கிளாம்ப் போட்டுச் சுவத்தோட இறுக்கணும். மச்சான் கேட்டிருக்கான், "மாமா, கிளாம்ப்?"

"அஞ்சு நிமிஷ வேலைடா... கையால பிடி."

பிடிச்சான். இவரு அறுத்தாரு. மேல் துண்டு மொத்தமா அவன் தலையில இறங்கிடுச்சு.

வீட்டுல வந்து என்ன சொன்னாரு தெரியுமா? "நான் கடைக்குப் போயிருந்தேன். அவனே அவசரப்பட்டு அறுத்துட்டான்." அக்காக்காரி நம்பிட்டா. செத்தவனையே திட்டித் திட்டி அழுதா.

சரி... அந்த மத்தியானம். இந்தத் தடவை கிளாம்ப் போட்டாரு. நாலு நட்டையும் ஸ்பேனர் வச்சு இறுக்கினாரு. அப்புறம் இரும்பு அறுக்குற ஹாக்ஸா. கர்ர்... கர்ர்... விரிசல் விட்ட துண்டு கையோட வந்துச்சு. துருவும் சாக்கடையும் கலந்த நாத்தம். அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் பைப்ப அளந்து அறுத்து, பிசிறு சீவி வச்சாரு. இரும்போட அதைச் சேர்க்க ஒரு ரப்பர் கப்ளிங். அதை மேல் துண்டோட வாயில ஏத்த ரெண்டு கையையும் தூக்கினாரு பாருங்க...

கிரீச்.

ஒரு நட்டு. தானாத் திரும்புது.

டிங்... கீழ விழுந்துச்சு. கிரீச்... டிங். ரெண்டாவது. பைப் ஒரு விரல் அளவு இறங்குச்சு. கையை எடுத்தா மண்டை போச்சு. தாங்கிக்கிட்டே நின்னாரு. பைப்புக்குள்ள இருந்து, மெதுவா...

"கனமா இருக்கா, மாமா?"

அதே மச்சான் குரல்.

"அன்னைக்குக் கடைக்கா போனீங்க? சொல்லுங்க."

கிரீச்... டிங். மூணாவது. அலறிட்டாரு. "போகலடா! நான்தான் அறுத்தேன்! கிளாம்ப் வேணாம்னதும் நான்தான்! விட்டுடுடா!"

நாலாவது நட்டு திரும்புறது நின்னுச்சு.

"சரி மாமா. விட்டுடறேன்."

டிங்.

தலை தப்பிச்சுது. கை ரெண்டும் மணிக்கட்டுக்குக் கீழ நசுங்கிப் போச்சு. அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

சாயந்தரம் பொண்டாட்டி வந்தா. அழல. கட்டுப் போட்ட கையையே பாத்துக்கிட்டு நின்னா.

"நீங்கதானா அறுத்தது?"

அவரு இன்னும் யார்கிட்டயும் அதைச் சொல்லவே இல்ல. "யா... யாரு சொன்னா?"

"பாத்ரூம்ல துணி அலசிக்கிட்டிருந்தேன். தண்ணி போற ஓட்டைக்குள்ள இருந்து, 'அக்கா, காது வச்சுக் கேளு'ன்னான். வச்சேன். எல்லாம் கேட்டுச்சு."

அவரு போர்வைய நல்லா இழுத்து மூடி விட்டா. குனிஞ்சு, காதுகிட்ட வந்தா.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்... கை போனதோட முடியலையாம்."